பித்தளைப் பூட்டு

சவப்பெட்டி வந்து இறங்கியபோது வாசலில் இருந்தவர்கள்: செத்துப்போன பென்னியின் மனைவி ஏஞ்சலின். மகள் கிரேஸ். பென்னியின் அத்தை ரோசம்மாள், ஆரம்பாக்கத்திலிருந்து சேதி கேட்டவுடன் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவள். பாஸ்டர். எடை மேடையில் பென்னியோடு வேலை பார்த்த மோகன்ராஜ், இன்னும் யூனிபாரத்தில். அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன்கள், தமிழ் தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. சுவரோரமாக, யாரோடும் சேராமல், கெங்கம்மாள். பென்னியின் தம்பி ஸ்டீவன் மட்டும் வாசலில் இல்லை. அவன் குட்டியானை லோடு வண்டியில், பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தான்.

"எறங்குடா," என்றாள் ரோசம்மாள். "பொட்டி மேலயா குந்திக்கினு வருவாங்க? அறிவிருக்காடா உனுக்கு?"

"ரோடு இன்னா லட்சணத்துல கீதுன்னு உனுக்கே தெரியும் அத்த. பொட்டி குதிக்குது. ஆளு புடிச்சாதான் நிக்கும்."

இறங்கியவனிடமிருந்து வாடை வந்தது. பெப்பர்மின்ட் மிட்டாயை மென்றிருந்தான். அது எப்போதும் போலக் காட்டித்தான் கொடுத்தது. அனுப்பும்போதே ஏஞ்சலினுக்குத் தெரியும், குடித்துவிட்டுத்தான் வருவான் என்று. தெருவில் மற்ற ஆம்பளைகள் எல்லாம் ஷிப்டில் இருந்தார்கள். வேறு ஆள் இல்லை.

உள்ளே பென்னி பெஞ்சின் மேல் கிடந்தான். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பெஞ்சுக்கு அடியில் அண்டாவில் ஐஸ் பார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. அதன் கண்ணாடி மூடியைப் பார்த்ததும் ஏஞ்சலின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அப்ப இன்னிக்கே எடுத்துடணும்" என்றார்கள். எடுத்துடலாம் என்றாள்.

காலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில், எளாவூர் ரோட்டில் இருக்கும் எடை மேடையில் ஒரு லாரியை ஏற்றிவிட்டு, எடைச் சீட்டை டிரைவரிடம் நீட்டியவன் நீட்டிய கையோடு சரிந்தான். அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, பிறகு தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

"குடி வுடலியே புள்ளைய," என்றாள் பக்கத்துத் தெருக்காரி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"அவரு குடிச்சி நாலு வருஷம் ஆவுது," என்றாள் ஏஞ்சலின்.

"உள்ள கெடந்து அரிச்சிருக்கும்மா."

ஏஞ்சலின் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையிலிருந்து இதையே ஏழெட்டுப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

பெட்டியை நான்கு பேர் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். தேக்கு நிறத்தில் பளபளத்தது. பக்கத்துக்கு இரண்டாக எஃகுக் கைப்பிடி. மூடியில் வெள்ளி நிறச் சிலுவை. உள்ளே வெள்ளைச் சாட்டின் துணி. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்கு இப்படி ஒரு பெட்டி இதுவரை வந்ததில்லை. அங்கே சாகிறவர்களுக்கெல்லாம் பேக்கிங் கட்டையில் அடித்து வார்னிஷ் பூசிய பெட்டிதான். பெண்கள் சாட்டின் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏஞ்சலின் அதையெல்லாம் பார்க்கவில்லை. மூடி வந்து உட்காரும் விளிம்பில், நட்டநடுவில் ஒரு கொண்டி. கொண்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. அதில் சாவி சொருகியிருந்தது.

"இன்னா இது?"

"பூட்டு, அண்ணி."

"கண்ணு தெரிது எனுக்கு. எதுக்கு பூட்டு?"

ஸ்டீவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். நல்ல செய்தி சொல்கிறவன் போல இருந்தது அவன் முகம். "சாதா பொட்டின்னா ஆணி அடிப்பாங்க அண்ணி. கடசீல சுத்திய எடுத்துக்கினு டமாரு டமாருன்னு. அண்ணனுக்கு அந்த சத்தம் ஆவாது இல்ல? மூணு கடை ஏறி எறங்கி, பூட்டு வச்சதா புடிச்சேன். சத்தமே வராது. க்ளிக்குன்னு ஒன்னு. அவ்ளோதான்."

அவளுக்கு அவனை அடிக்கக் கை எழவில்லை. அவன் பாதியைச் சரியாகத்தான் நினைத்திருந்தான். அண்ணனுக்குச் சத்தம் ஆகாது என்பது அவனுக்கு நினைவிருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சாராயம் அழித்திருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன் பென்னி ஒரு பெயின்ட் குடோனில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தான். நைட் ஷிப்ட் ஆட்கள் நடுவில் தூங்கப் போய்விடுகிறார்கள் என்று ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிடுவது அங்கே வழக்கம். ஒரு நாள் தின்னர் டின் தீப்பிடித்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஓட்டை வழியாகப் பென்னி வெளியே வந்தான். அவன் ஒல்லி. கூட வேலை பார்த்த கெங்கம்மாளின் புருஷன் ஆதிகேசவன் தோள் அகன்ற ஆள், அதில் நுழைய முடியவில்லை. பென்னி முன்பக்கம் ஓடி, கம்பியை எடுத்துப் பூட்டை அடித்தான். உள்ளேயிருந்து ஆதிகேசவன் ஷட்டரை அடித்தான். இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள். உள்ளே இருந்து வந்த சத்தம் நின்ற பிறகும் பென்னி அடித்துக்கொண்டே இருந்ததாகவும், கம்பியைப் பிடுங்க மூன்று பேர் வேண்டியிருந்ததாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் இல்லை. முதல் குவார்ட்டரை வாங்கிக்கொண்டு வந்தவன் ஸ்டீவன்தான். "தூங்கணும் இல்ல அண்ணி, மனுசன்." தூங்கினான். பிறகு குவார்ட்டர் பத்தாமல் ஆஃப் ஆனது, ஆஃப் பத்தாமல் காலையிலும் தேவைப்பட்டது. பக்கத்தில் யாராவது சுவரில் ஆணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கழற்றிக் குளத்தில் எறிந்தான். ஓட்டைகளில் மெழுகை உருக்கி அடைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது. நாய் வந்து மீன் குழம்பைத் தின்றது. கேஸ் ரெகுலேட்டர் காணாமல் போனது. தெருவே சிரித்தது. தெளிந்த பிறகு பென்னியும் சேர்ந்து சிரித்தான். "நம்ப ஊட்டுக்குத் திருடன் வந்தான்னா பாவப்பட்டு எதுனா வச்சிட்டுத்தான் போவான்."

குடியை நிறுத்துகிறோம் என்று திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சென்டரில் சேர்த்தார்கள். அங்கே இரும்புக் கேட்டைப் பூட்டுவார்கள். அவன் கேட்டில் தலையை மோதி மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று போன் வந்தது. அதன் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒருத்தி ஏஞ்சலினைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். "குடி ரெண்டாவதும்மா. மொதல்ல இருக்கறது வேற. அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் முடிஞ்சிடுச்சி. இவருக்கு இன்னும் முடியல." மாத்திரை கொடுத்தாள். அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது மறுபடியும் சொல்லச் சொன்னாள். போகும்போதெல்லாம் சொன்னான். வியர்த்துக் கொட்டும், வாந்தி எடுப்பான், சொல்வான்.

வீட்டில் அவனைப் பூட்டி வைக்க முடியாது. அதனால் ஏஞ்சலின் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். "போறதுன்னா என்னத் தாண்டிக்கினு போ." தாண்டிப் போன நாட்களும் உண்டு. கை நடுக்கத்தோடு வந்து அவள் தலைமாட்டில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்த நாட்கள் மெல்ல மெல்லக் கூடின. பிறகு எடை மேடையில் வேலை கிடைத்தது. மேலே வானம், நாலு பக்கமும் ரோடு. கேபினுக்கு மட்டும் ஒரு கதவு இருந்தது. முதலாளியிடம் கேட்டு அதையும் கழற்றி வைத்தான்.

பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்தார். பென்னியைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். கிரேஸ் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நைனா" என்று ஒரு தடவை மட்டும் கூப்பிட்டாள். அழுகை ஏறி இறங்கியது. மோகன்ராஜ் மூடியைக் கொண்டுவந்தான்.

"மூடுங்க," என்றாள் ஏஞ்சலின். "பூட்டாதீங்க."

அழுகை நின்றது. ரோசம்மாள் மூக்கில் பிடித்திருந்த முந்தானையை இறக்கினாள்.

"இன்னா சொல்ற ஏஞ்சலு?"

"மூடி மேல இருக்கட்டும். பூட்ட வேணாம். ஆணியும் வேணாம்."

"பூட்டாம பொதைப்பாங்களா? எந்த ஊர்ல கீது? சனங்க சிரிக்கும்மா."

"எட்டு வருஷமா சிரிச்சிக்கினுதான் கீதுங்க. இன்னிக்கும் சிரிக்கட்டும்."

பாஸ்டர் இளைஞர். சங்கடத்தில் பைபிளைக் கை மாற்றிக்கொண்டார். "சிஸ்டர், அதுல வேதத்துக்கு விரோதமா ஒன்னும் இல்ல. ஆனா குழிக்குள்ள எறக்கும்போது பெட்டி சாயும். மூடி நழுவிட்டா, எல்லார் முன்னாடியும்..."

"அண்ணி, இது சின்ன பூட்டு அண்ணி," என்றான் ஸ்டீவன். "சத்தமே வராது. நான் போட்டுப் பாத்தேன்."

"டேய், வாய மூடு. உன் வாயி நாறுது," என்றாள் ரோசம்மாள். பிறகு ஏஞ்சலின் பக்கம் திரும்பினாள். "செத்தவனுக்குப் பூட்டு தெரியுமா, தாப்பா தெரியுமா? பூட்டலன்னா எழுந்து வந்துடுவானா அவன்?"

"வந்தா வரட்டும்."

ஐஸ் பார் அண்டாவுக்குள் சரியும் சத்தம் மட்டும் கேட்டது. ஏஞ்சலின் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைத் தாண்டி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. செத்தவனுக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தன் கண் முன்னால் அவன் மேல் ஒரு பூட்டு விழுவதைப் பார்த்துவிட்டுப் போய்த் தன்னால் சோறு தின்ன முடியாது என்பதும் தெரியும்.

கெங்கம்மாள் சுவரோரத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். கூட்டம் விலகியது. அவளும் பென்னியும் எட்டு வருஷமாகப் பேசியதில்லை என்பது தெருவுக்குத் தெரியும். தீப்பிடித்த மறுநாள், கட்டுப்போட்ட கைகளோடு கிடந்தவனிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: நீ மட்டும் எப்படி வந்த? அவன் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் இரண்டு பேரில் ஒருவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். பென்னியின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். உள்ளங்கைகளில் தோல் சுருங்கி, மெழுகு உருகி நின்றதுபோல இருந்தது. அன்றைக்குச் சூடேறிய கம்பியைப் பிடித்த கைகள். பிறகு குனிந்து, கொண்டியிலிருந்து பூட்டைக் கழற்றினாள். சாவியோடு சேர்த்து ஏஞ்சலின் கையில் வைத்தாள்.

"அன்னைக்கு ஷட்டர் சாவி யாராண்ட இருந்திச்சின்னு ஒவ்வொருத்தனும் ஒன்னு சொன்னான்," என்றாள். "கடசி வரைக்கும் தெரியல. இது உன் கையில இருக்கட்டும்."

திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

மோகன்ராஜ்தான் முதலில் பேசினான். "எறக்கறதுக்குக் கயிறு போடுவோம் இல்லக்கா? அதையே மூடிக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டா நிக்கும். லோடு கட்டற மாதிரிதான்."

"அவுத்துடணும்," என்றாள் ஏஞ்சலின். "எறக்கனதும் கயித்த அவுத்துடணும்."

"அவுத்துடலாம்க்கா."

"நான் குழில எறங்கறேன்," என்றான் ஸ்டீவன். "நான் அவுக்கறேன்."

கல்லறைத் தோட்டம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். ஊர்வலம் கேட்டில் நின்றது. மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் முழுவதும் போகும்வரை நின்றார்கள். வேகன் வேகனாக இரும்புத் தகடுச் சுருள்கள் போயின. இன்னொரு நாளாக இருந்தால் பென்னி ஒவ்வொரு வேகனுக்கும் எடை சொல்லியிருப்பான். எடை மேடையில் சேர்ந்த பிறகு அவனுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. ரோட்டில் போகும் எதைப் பார்த்தாலும் எடை சொல்வான். ஒரு தடவை ரோசம்மாளைப் பார்த்துச் சொல்லி அடி வாங்கினான்.

குழி வெட்டியவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுப்பது வழக்கம். யாரோ வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி ஏஞ்சலின் யாரையும் கேட்கவில்லை. குழி வெட்டுகிறவன் குடிக்கிறான். அது அவன் பாடு.

ஸ்டீவன் குழிக்குள் இறங்கி நின்றான். பெட்டி கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தபோது மேலே நின்றவர்கள் கத்தினார்கள். மூடி ஒரு விரற்கடை நழுவியது. ஸ்டீவன் இரண்டு கையாலும் அதைத் தாங்கி, நெஞ்சை மேலே வைத்து அழுத்திப் பிடித்தான். பெட்டி தரையில் உட்கார்ந்தது. கயிற்றை அவிழ்க்க அவனுக்கு நேரமாயிற்று. காலையில் குடித்தது இறங்கியிருந்தது. விரல்கள் முடிச்சில் நிற்கவில்லை.

"இன்னாடா கை அப்படி ஆடுது? நான் எறங்கட்டா?" என்றான் குழி வெட்டியவன்.

"இரு. நான்தான் அவுக்கணும்."

பல்லால் கடித்து இழுத்தான். முடிச்சு அவிழ்ந்தது. மூடியைச் சரிசெய்துவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மேலே ஏறினான். ஏஞ்சலின் முதல் பிடி மண்ணைப் போட்டாள். கெட்டி மண் மரத்தில் விழுந்து தட்டுவதுபோல ஒலிக்கும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தாள். கையிலேயே பொடித்துப் பொடித்துப் போட்டாள். அடுத்து வந்தவர்களும் ஏனென்று கேட்காமல் அப்படியே போட்டார்கள்.

திரும்பும்போது குழி வெட்டியவன் பிளாஸ்டிக் டம்ளரை ஸ்டீவனிடம் நீட்டினான். "உடு ஒரு கட்டிங். நடுக்கம் நிக்கும்."

ஸ்டீவன் டம்ளரையே பார்த்தான். நாக்கு உதட்டைத் தடவியது. ஏஞ்சலின் நிற்கவில்லை, கண்டுகொள்ளாமல் நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. குடித்தானா இல்லையா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஒடிசாப் பையன்கள் ஒரு குண்டான் நிறைய சாதமும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கையைக் கூப்பிவிட்டுப் போனார்கள். ரோசம்மாள் கிரேஸுக்கு ஊட்டிவிட்டாள். "தின்னுமா. உங்கப்பன் சோத்த வேஸ்ட் பண்ணா திட்டுவான்." வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஃபேக்டரிகளின் புகை மஞ்சளாகத் தாழ்ந்து வந்தது.

ஏஞ்சலின் கொல்லைப் பக்கம் ஈரத்துணியைக் காயப்போடப் போனாள். அங்கே ஸ்டீவனின் அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அவன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். குளித்து வேறு சட்டை போட்டிருந்தும் தோள்கள் உதறிக்கொண்டிருந்தன. வாடை வரவில்லை.

"அண்ணி, அந்தப் பூட்டு எங்க?"

இடுப்பில் சொருகியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன்?"

"என்ன உள்ள வச்சி பூட்டு."

அவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டாள்.

"பத்து மணிக்குக் கடைய மூடிடுவான். அது வரைக்கும் போதும். அப்புறம் தொறந்துடு. காலைல அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போ. எங்க வேணா வரேன்."

"இப்பவே போலாம். ஆட்டோ கூப்புடறேன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம அண்ணி. அவங்க இருக்க மாட்டாங்க. ரோட்டுல கால வச்சேன்னா எந்தப் பக்கம் போவேன்னு எனுக்குத் தெரியும்."

"பூட்டு வேணாம் ஸ்டீவா. உங்கண்ணனுக்குக் காவல் இருந்த மாதிரி நான் வாசல்ல குந்திக்கறேன். தொறந்தே இருக்கட்டும்."

"நான் அண்ணன் இல்ல அண்ணி," என்றான். "உன்னத் தாண்டிக்கினு போய்டுவேன்."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை. காலையில் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது அவன் முகம் வயதாகித் தெரிந்தது.

ஏஞ்சலின் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர், டம்ளர், சாதமும் பருப்பும் ஒரு தட்டில், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஒரு பாட்டிலில், எல்லாம் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலிச் சொம்பு ஒன்றை வைத்தாள், வாந்தி எடுத்தால் ஆகும் என்று. ஜன்னல் கதவுகளை இரண்டு பக்கமும் முழுவதும் திறந்துவிட்டாள். தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒடம்பு ரொம்ப முடியலன்னா சொல்லு. வலிப்பு மாதிரி வந்தா, மயக்கம் வந்தா. நான் இங்கதான் குந்தி இருப்பேன். எங்கயும் போவ மாட்டேன்."

"கதவ தட்டுவேன் அண்ணி. கெட்ட வார்த்தைல திட்டுவேன். தொறந்துடாத."

"எதுக்குத் தொறக்கறதுன்னு எனுக்குத் தெரியும். நீ சாப்புடு."

அவன் கட்டிலில் போய் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டான். அவள் கதவைச் சாத்தினாள். கொண்டியை இழுத்து வளையத்தில் மாட்டினாள். துரு ஏறியிருந்தது, இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் கொண்டிக்குப் பூட்டு ரொம்பச் சின்னது. பூட்டிப் பழக்கமில்லாமல் போன விரல்கள் முதலில் பூட்டைத் தலைகீழாகப் பிடித்தன. திருப்பி, வளைவைக் கொண்டிக்குள் விட்டு அழுத்தினாள். ஸ்டீவன் சொன்னது சரிதான். ஒரே ஒரு சத்தம்தான் வந்தது.

"பூட்டிட்டியா அண்ணி?"

"பூட்டிட்டேன்."

சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.